கேப் கோரலில் கால்வாய்க்கரை வீடு வாங்குவது எப்படி: படகிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஃபுளோரிடாவின் தென்மேற்குக் கரையில், கலூசஹாட்சி ஆறு கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது கேப் கோரல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஃபோர்ட் மையர்ஸ். ஊருக்குள் ஓடும் கால்வாய்களின் மொத்த நீளம் 400 மைலுக்கு மேல். கொல்லைக் கதவைத் திறந்தால் தண்ணீர், தண்ணீர் மேல் சொந்தப் படகு, கொஞ்ச நேரம் ஓட்டினால் கடல். இந்த ஆசையோடு நியூஜெர்சியிலிருந்தும் அட்லாண்டாவிலிருந்தும் நண்பர்கள் எனக்குப் போன் செய்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஒன்றரை மணி நேரம் பேசுவதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் இந்த ஊர் எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1957இல் லெனார்ட் ரோசன், ஜாக் ரோசன் என்ற சகோதரர்கள் இந்தத் தாழ்நிலத்தை வாங்கினார்கள். வீடு கட்ட மேடு வேண்டும், மேட்டுக்கு மண் வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகத் தோண்டி, வந்த மண்ணை இரு பக்கமும் கொட்டி, மனை பிரித்து, தவணை முறையில் நாடு முழுக்க விற்றார்கள். படகு விட வேண்டும் என்பதைவிட மண் வேண்டும் என்பதற்காகவே பல கால்வாய்கள் வெட்டப்பட்டன. அதனால் கால்வாய்க்கரை வீடு என்றாலே கடலுக்கு வழி உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. நான் பார்த்த ஏமாற்றங்களில் பாதி இந்த ஒரு இடத்தில்தான் தொடங்கியது.

படி 1: காகிதத்தில் படகை வாங்குங்கள்

எல்லோரும் வீட்டைப் பிடித்துவிட்டு, அப்புறம் அந்த டாக்கில், அதாவது படகு கட்டும் மேடையில், எந்தப் படகு நிற்கும் என்று தேடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். எந்தப் படகு வேண்டும் என்று முடிவு செய்து, அதன் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: நீளம், எடை, நீருக்குக் கீழே எவ்வளவு இறங்கும், நீருக்கு மேலே எவ்வளவு உயரம். வீடு தேடும்போது இந்த நான்கும் படுக்கையறை எண்ணிக்கையைவிட முக்கியம்.

பெரியவர்கள், குழந்தைகள் என்று குடும்பமாக ஆற்றில் போய்வர பான்டூன் படகு வசதி. தட்டையான தளம், ஏறி இறங்க எளிது. ஆனால் காற்றடிக்கும் நாளில் திறந்த கடலுக்கு ஏற்றதல்ல. மீன்பிடி ஆர்வம் உள்ளவர்களுக்கு, குறைந்த ஆழத்தில் போகும் பே படகு நல்லது. பக்கத்தில் உள்ள பைன் ஐலண்ட் சவுண்ட் என்ற உள்கடல் பகுதியில் கடற்புல் படுகைகள் நிறைய. நீர்வாழ் காப்பகங்களுக்குள் புரொப்பெல்லரால் புல்லைக் கிழித்தால் ஃபுளோரிடா சட்டப்படி அபராதம். ஆழ்கடலுக்குப் போக ஆசை என்றால் சென்டர் கன்சோல், அதாவது நடுவில் நின்று ஓட்டும் திறந்த படகு. அதன் நிழற்கூரையின் உயரத்தை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். பாய்மரப் படகு என்றால் நீங்கள் தேட வேண்டியது முற்றிலும் வேறு தெருக்கள்.

இதுவரை படகே ஓட்டாதவர் என்றால் வீட்டுக்கு முன் ஒரு வருடம் படகு கிளப்பில் சேருங்கள், அல்லது வாரக்கடைசிகளில் வாடகைக்கு எடுங்கள். நாலாவது பயணத்தில் வீட்டில் யாருக்குக் குமட்டுகிறது, யாருக்குப் பிடிக்கிறது என்பது தெரிந்துவிடும். அது தெரியாமல் இந்த அளவு பணம் போடாதீர்கள்.

படி 2: தண்ணீரின் வகையைப் பிரித்துப் பாருங்கள்

விளம்பரத்தில் வரும் மூன்று சொற்களுக்குப் பின்னால் மூன்று வேறு விலைகள் இருக்கின்றன.

நன்னீர்க் கால்வாய்: ஊரின் கால்வாய்களில் பெரும்பகுதி இதுதான், வடக்கிலும் உட்பகுதியிலும் இருக்கிறது. கடலுக்கு வழி கிடையாது. கயாக், சின்ன மீன்பிடிப் படகு விடலாம். காட்சி அழகு, விலையும் குறைவு. தண்ணீரைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது இதைத்தான். ஆனால் முதலைக் குடும்பத்து அலிகேட்டர் உண்டு. குழந்தையையும் நாயையும் கரையில் தனியே விடக் கூடாது.

கல்ஃப் அக்சஸ்: கடலுக்கு வழி உண்டு, ஆனால் இடையில் பாலம் இருக்கலாம். தெருக்கள் கால்வாயைத் தாண்டும் இடங்களில் உள்ள தாழ்வான பாலங்கள் இவை. பலவற்றில் ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறிய நேரத்தில் நீருக்கும் பாலத்துக்கும் இடைவெளி பத்தடிக்கு முன்பின்தான்.

செயில்போட் அக்சஸ்: வீட்டிலிருந்து ஆறு வரை ஒரு பாலமும் கிடையாது. விலை அதிகம். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆற்றின் மேல் செல்லும் கேப் கோரல் பாலத்துக்கும் மிட்பாயிண்ட் பாலத்துக்கும் அடியில் சுமார் 55 அடிதான். பாய்மரம் அதைவிட உயரம் என்றால் இந்தப் பாலங்களுக்குக் கீழ்ப்புறம், கடல் பக்கமாகத்தான் வீடு தேட வேண்டும்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். நாங்கள் முதலில் மயங்கிய வீட்டின் விளம்பரத்தில் கல்ஃப் அக்சஸ் என்று இருந்தது. ஏஜெண்டும் அதையே சொன்னார், பொய் ஒன்றும் இல்லை. சமையலறையும் நீச்சல்குளமும் மனதை அள்ளிவிட்டன. ஒப்பந்தம் போடுவதற்கு முந்தைய சனிக்கிழமை, நாங்கள் வாங்க நினைத்த அதே மாதிரிப் படகை வாடகைக்கு எடுத்து ஆற்றிலிருந்து அந்த வீட்டுக்குப் போனோம். ஓதம் ஏறியிருந்த நேரம். வழியில் இரண்டாவது பாலத்துக்கு முன் எஞ்சினை நிறுத்தினோம். கூரையின் ஆன்டெனாவைச் சாய்த்தும் இடிக்கும் போலிருந்தது. திரும்பி வந்துவிட்டோம். அந்த ஒரு பயணத்துக்கு ஆன வாடகை எங்கள் வாழ்நாளில் நன்றாகச் செலவழித்த பணங்களில் ஒன்று.

படி 3: வீட்டுக்குத் தண்ணீர் வழியாகப் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பிடித்த வீட்டுக்குக் குறைந்தது இரண்டு முறை படகில் போங்கள். ஓதம் ஏறியிருக்கும்போது ஒருமுறை, நன்றாக வடிந்திருக்கும்போது ஒருமுறை. பாலத்தின் உயரத்தை ஏறிய நீரில் அளக்க வேண்டும், டாக்கின் ஆழத்தை வடிந்த நீரில் அளக்க வேண்டும். அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

குளிர்காலத்தில் பார்ப்பது இன்னும் நல்லது. வடக்கிலிருந்து குளிர்முகம் இறங்கியதும் வாடைக்காற்று நீரைக் கடல் பக்கம் தள்ளிவிடும். அட்டவணை சொல்வதைவிடக் கீழே போகும் தண்ணீர். ஜூலையில் நாலடி நின்ற இடத்தில் ஜனவரிக் காலையில் சேறு தெரிவதைப் பார்த்திருக்கிறேன். நாகப்பட்டினத்தில் வளர்ந்த எனக்கு வாடை என்றால் பனியும் மழையும்தான். இங்கே வாடை என்றால் படகு தரைதட்டும் காலம்.

அடுத்தது நேரம். ஊருக்குள் கால்வாய்களில் அலை எழுப்பாமல் ஊர்ந்துதான் போக வேண்டும். வரைபடத்தில் கடல் பக்கத்தில் தெரியும் வீடு, கால்வாய்களின் வளைவுகளில் ஒரு மணி நேரம் ஊர்ந்த பிறகே ஆற்றைத் தொடும். வேலை முடிந்து மாலையில் ஒரு சுற்று போய்வர நினைப்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு டாக்கிலிருந்து திறந்த நீர் வரை எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். அந்த எண்ணிக்கை குறையக் குறைய வீட்டின் விலை ஏறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

போகும் வழியில் இன்னொன்றையும் கவனியுங்கள். முட்டுச்சந்தாக முடியும் கால்வாயின் கடைசியில் நீர் ஓட்டம் குறைவு. மிதக்கும் குப்பை, காய்ந்த இலை, நுரை எல்லாம் அங்கே வந்து ஒதுங்கும். 2018 கோடையில் ஓகிச்சோபி ஏரியின் நீர் ஆற்றில் திறந்துவிடப்பட்டபோது நீலப்பச்சைப் பாசி இந்த ஊர்க் கால்வாய்களில் படலமாகப் படிந்து நாறியது. அதே வருடம் கடலில் செந்நீர்ப் பெருக்கு என்ற நச்சுப்பாசியும் வந்து மீன்கள் செத்து ஒதுங்கின. ஒவ்வொரு வருடமும் இப்படி நடப்பதில்லை. ஆனால் கோடையில் ஒருமுறை வந்து மூக்கால் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

படி 4: சீவால், அதாவது கரைச்சுவர்

கால்வாய்க்கும் உங்கள் கொல்லைக்கும் நடுவே நிற்கும் கான்கிரீட் சுவரை இங்கே எல்லோரும் சீவால் என்பார்கள். இது விழுந்தால் புல்தரை, பிறகு நீச்சல்குளத்தின் விளிம்பு என்று ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் சரியும். வழக்கமான வீட்டு ஆய்வாளர் இதைத் தொட மாட்டார். கடல்சார் ஒப்பந்தக்காரர் ஒருவரைத் தனியாக அழைத்து, நீருக்கடியிலும் பார்க்கச் சொல்லி, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

இந்தச் சுவர் எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் எப்படி விழும் என்பதும் புரியும். கான்கிரீட் பலகைகள் அடியில் மண்ணுக்குள் புதைந்திருக்கும். மேலே ஒரு தொப்பி போலக் கான்கிரீட் உத்தரம். அதிலிருந்து இரும்புக் கம்பிகள் கொல்லைக்குள் நீண்டு, புதைத்த நங்கூரக் கட்டைகளைப் பிடித்திருக்கும். ஒரு பக்கம் மண் தள்ளுகிறது, மறுபக்கம் கால்வாய் நீர் முட்டுக்கொடுக்கிறது. 2017இல் இர்மா புயல் கால்வாய் நீரை உறிஞ்சி வெளியே இழுத்தபோது முட்டுக்கொடுக்க நீர் இல்லாமல் ஊரில் பல சீவால்கள் கவிழ்ந்தன. 2022 இயன் புயலில் இன்னும் அதிகம். ஊறிய மண் கனத்துத் தள்ள, சுவர் முன்பக்கம் சாய்ந்தது.

நீங்களே பார்க்க வேண்டியவை: மேல் உத்தரம் நேர்கோடாக இருக்கிறதா, நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா? சுவரை ஒட்டிப் புல்லில் குழி விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் பலகை இடுக்கில் மண் வெளியே போகிறது என்று அர்த்தம். துருக்கறை கசிகிறதா? வடிதுளைகள் அடைத்திருக்கின்றனவா? பக்கத்து வீட்டுச் சீவாலையும் பாருங்கள், அது விழுந்தால் உங்களுடையதையும் இழுக்கும்.

வழக்கமான வீட்டுமனை 80 அடி முகப்பு, 125 அடி ஆழம். 80 அடிச் சீவாலைப் புதிதாகக் கட்டப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். காப்பீடு பெரும்பாலும் ஒரு காசு தராது. அரசின் வெள்ளக் காப்பீட்டில் சீவாலும் டாக்கும் சேரவே சேராது. அதனால் சீவால் மோசமாக இருந்தால் அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

படி 5: டாக்கும் லிஃப்டும்

உப்புநீரில் படகை மிதக்கவே விட்டால் அடிப்பாகத்தில் சிப்பி ஒட்டும். அதனால் லிஃப்டில் தூக்கிவைப்பதுதான் வழக்கம். லிஃப்டின் திறன் பவுண்டில் எழுதியிருக்கும். படகின் வெறும் எடையோடு எஞ்சின், பேட்டரி, நங்கூரம், பெட்ரோல் எல்லாம் கூட்டுங்கள். ஒரு கேலன் பெட்ரோல் சுமார் 6 பவுண்டு. 100 கேலன் டாங்க் நிறைந்தால் அதுவே 600 பவுண்டு. கணக்குக்கு மேல் நாலில் ஒரு பங்கு தாராளமாக இருக்கட்டும். டாக்குக்கும் லிஃப்டுக்கும் பெர்மிட் முடித்த பதிவு இருக்கிறதா என்று நகராட்சியின் தளத்தில் முகவரி போட்டுப் பார்த்துவிடலாம்.

கரையில் அலையாத்தி மரங்கள் இருந்தால் அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, 1996 முதல் தனிச்சட்டம் உண்டு. காட்சியை மறைக்கிறது என்று இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. பிச்சாவரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வேர்கள் கரைக்கு என்ன செய்கின்றன என்று சொல்லத் தேவையில்லை.

படி 6: இப்போது வீட்டுக்குள் வாருங்கள்

கட்டிய வருடம்தான் முதல் கேள்வி. 1992 ஆண்ட்ரூ புயலின் பாடத்தில் பிறந்த ஃபுளோரிடா கட்டட விதி 2002 மார்ச்சில் மாநிலம் முழுக்க அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு கட்டிய வீடுகள் காற்றைத் தாங்குவதிலும் காப்பீட்டு விலையிலும் தனி வகை. 2004 முதல் 2007 வரை கட்டியவை என்றால் சீன டிரைவால், அதாவது சீனாவில் செய்த சுவர்ப்பலகை, இருந்ததா என்று கேளுங்கள். அந்தப் பலகைகளிலிருந்து வரும் கந்தக வாயு ஏசியின் செப்புச் சுருளைக் கருக்கியது. இந்த ஊரில் அந்தத் தொல்லை நிறைய.

அடுத்தது உயரம். எலிவேஷன் சர்ட்டிஃபிகேட் கேளுங்கள். கடல் மட்டத்திலிருந்து தரைத்தளம் எத்தனை அடி, அந்த இடத்தில் எதிர்பார்க்கும் வெள்ள மட்டம் எத்தனை அடி என்று அதில் இருக்கும். வெள்ள வரைபடத்தில் ஏஇ மண்டலம் என்றால் அபாயம் அதிகம். விஇ என்றால் அலையின் மோதலும் சேர்ந்தது.

பிறகு இயன். 2022 செப்டம்பர் 28 அன்று கேயோ கோஸ்டா தீவில் மணிக்கு 150 மைல் வேகத்தில் கரையேறியது. அதே தீவில், அதே வேகத்தில், 2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி கரையேறியது. சார்லியில் காற்று அடித்துப்போட்டது, இயனில் கடல் உள்ளே வந்தது. ஊரின் தென்பகுதியில் ஆற்றை ஒட்டிய பல வீடுகளுக்குள் உப்புநீர் நின்றது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் ஊரில் சுவர்களில் நின்ற நீர்க்கோட்டை நான் பார்த்திருக்கிறேன். இங்கே அந்தக் கோட்டைப் புதுப் பெயின்ட் மறைத்திருக்கும். ஒரே உயரம் வரை மட்டும் புதிதாக மாற்றிய சுவர்ப்பலகை, புது மின்பிளக்குகள், துருப்பிடித்த ஆணி இதெல்லாம் அடையாளம். 2024 அக்டோபர் 1 முதல் ஃபுளோரிடாவில் வீடு விற்பவர் வெள்ளக் காப்பீட்டு இழப்பீடு கேட்டாரா, அரசு உதவி பெற்றாரா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே எழுதித்தர வேண்டும். அந்தத் தாளை வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இங்கே ஐம்பது சதவீத விதி என்று ஒன்று இருக்கிறது. பலரும் கேள்விப்படாதது. வெள்ள அபாய மண்டலத்தில் தாழ்வாக உள்ள பழைய வீட்டில் செய்யும் புதுப்பிப்போ பழுதுபார்ப்போ, கட்டடத்தின் மதிப்பில் பாதியைத் தொட்டால், மொத்த வீட்டையும் இன்றைய வெள்ள விதிக்கு ஏற்றபடி உயர்த்த வேண்டும். மதிப்பு என்பது நிலம் நீங்கலாகக் கட்டடம் மட்டும். ஆறு லட்சம் டாலர் வீட்டில் நிலமே நாலு லட்சம் என்றால் கட்டடம் இரண்டு லட்சம், உங்களுக்குள்ள வரம்பு ஒரு லட்சம். பழைய வீட்டை மலிவாக வாங்கிச் சமையலறை, குளியலறை, கூரை எல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்று போடும் கணக்கு இங்கேதான் உடைகிறது. முந்தைய உரிமையாளர் பெர்மிட் இல்லாமல் செய்த வேலையும் உங்கள் தலையில்தான் வந்து விடியும்.

கொல்லை எந்தத் திசை பார்க்கிறது என்பதும் விலையில் சேரும். தெற்கோ மேற்கோ பார்த்தால் குளிர்காலத்திலும் நீச்சல்குளத்தில் வெயில் விழும். கொல்லை தெற்கு என்றால் தலைவாசல் வடக்கு, கொல்லை மேற்கு என்றால் தலைவாசல் கிழக்கு. வாஸ்து பார்க்கும் வீட்டுப் பெரியவர்கள் வந்தால் அவர்களுக்கும் திருப்தி.

படி 7: விலை பேசுவதற்கு முன் காப்பீடு

வட மாநிலங்களிலிருந்து வருபவர்கள் காப்பீட்டைக் கடைசி வாரத்துக்கு விடுகிறார்கள். இங்கே அது முதல் வாரத்து வேலை. இரண்டு தனித்தனிப் பாலிசி வேண்டும்: வீட்டுக்கும் காற்றுக்கும் ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குத் தராது.

அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே உள்ள பொருளுக்கு 1,00,000 டாலர். அதற்கு மேல் வேண்டும் என்றால் தனியாரிடம் கூடுதல் பாலிசி எடுக்க வேண்டும். பாலிசி எடுத்தால் 30 நாள் கழித்துத்தான் உயிர் வரும், வீட்டுக்கடன் க்ளோசிங்கோடு, அதாவது வீடு கைமாறும் நாளோடு, சேர்த்து எடுத்தால் மட்டும் காத்திருப்பு இல்லை. ரொக்கமாக வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

விற்பவரிடம் அரசின் வெள்ளப் பாலிசி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றித்தரச் சொல்லலாம். 2021 அக்டோபரில் வந்த புதிய கணக்கு முறையில் பல வீடுகளின் உண்மையான பிரீமியம் பல மடங்கு. பழைய பாலிசிதாரருக்கு, அவர் வசிக்கும் முதன்மை வீடு என்றால், வருடத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. அந்தப் படிப்படியான ஏற்றம் பாலிசியோடு உங்களுக்கும் வரும். ஒரே ஒரு படிவம்தான். சில வீடுகளில் இதனால் வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர் மிச்சமாகும்.

காற்றுப் பாலிசியில் டிடக்டிபிள் என்ற தொகையைப் பாருங்கள். சூறாவளிக்கு அது சதவீதத்தில் இருக்கும்: 2, 5 அல்லது 10. நாலு லட்சம் டாலர் கட்டடத்துக்கு 5 சதவீதம் என்றால் முதல் 20,000 டாலர் உங்கள் கையிலிருந்து. அந்தப் பணம் வங்கியில் தனியாக இருக்க வேண்டும். கூரையின் வயதும், காற்றுத் தாங்கும் ஆய்வு அறிக்கையும் பிரீமியத்தை வெகுவாக மாற்றும். பழைய வீடு என்றால் கூரை, மின்சாரம், குழாய், ஏசி நான்கையும் பார்க்கும் ஆய்வும் கேட்பார்கள். தனியார் யாரும் தராவிட்டால் மாநில அரசு அமைத்த சிட்டிசன்ஸ் நிறுவனம் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை: புயல் ஒன்று வளைகுடாவுக்குள் வந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனங்கள் புதுப் பாலிசி எழுதுவதை நிறுத்திவிடும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். ஆகஸ்ட், செப்டம்பரில் க்ளோசிங் வைத்தால் தேதி தள்ளிப்போக இடம் கொடுத்து ஒப்பந்தம் எழுதுங்கள்.

படி 8: வரி, நகராட்சிக் கட்டணம், விசா

விற்பவரின் சொத்துவரி ரசீதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். சொந்தமாகக் குடியிருப்பவருக்கு வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று மாநிலத்தில் வரம்பு உண்டு. இருபது வருடம் இருந்தவரின் வரி அதனால் குறைவாக இருக்கும். நீங்கள் வாங்கியதும் அந்த வரம்பு கலைந்து, சந்தை மதிப்பில் வரி வரும். வாங்கும் விலையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் என்ற சொத்துவரிச் சலுகை பெற நிரந்தரக் குடியிருப்பு வேண்டும். கிரீன்கார்டோ குடியுரிமையோ இருந்தால் சிக்கல் இல்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. குடியுரிமை உள்ள சிறு குழந்தைகள் அந்த வீட்டில் வசித்தால் வழி உண்டு, வழக்கறிஞரிடம் கேளுங்கள். 2023 ஜூலை முதல் வாங்குபவர் எல்லோரும், சில நாட்டவர் இங்கே சொத்து வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் தொடர்பான உறுதிமொழி ஒன்றில் கையெழுத்திட வேண்டும். அந்தச் சட்டத்தின் பட்டியலில் இந்தியாவோ இலங்கையோ இல்லை.

கேப் கோரலுக்கே உரிய இன்னொன்று: நகராட்சி குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் பகுதி பகுதியாகத்தான் வருகின்றன. வராத இடங்களில் கிணறும் செப்டிக் டாங்கும். குழாய் வரும்போது ஒவ்வொரு மனைக்கும் பல பத்தாயிரம் டாலர் கட்டணம் விழும். வந்துவிட்டதா, வந்திருந்தால் முழுதும் கட்டியாகிவிட்டதா, மீதி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

காலிமனை வாங்கிக் கட்ட நினைப்பவர்கள் மனையில் குச்சி நட்டு அடையாளமிட்ட சிறு வளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொந்தாந்தைகளின் வீடு அது. இந்த ஊரின் அடையாளப் பறவை. ஃபுளோரிடாவில் வேறெங்கும் இத்தனை இல்லை. வளை இருந்தால் மாநில வனவிலங்குத் துறையின் அனுமதி இல்லாமல் மண்ணைத் தொட முடியாது. எனக்கு அதில் சந்தோஷமே. மாலையில் வளை வாயில் நின்று அவை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் காணத் தனியாக ஒரு நடை போகலாம்.

படி 9: ஒப்பந்தம்

இங்கே அதிகம் புழங்கும் "இருக்கிறபடி" ஒப்பந்தத்தில் ஆய்வுக்காலம் தனியாகக் குறிக்காவிட்டால் 15 நாள். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் முன்பணத்தோடு வெளியே வரலாம். வீட்டு ஆய்வு, சீவால் ஆய்வு, லிஃப்ட் சோதனை, காப்பீட்டு விலை நான்கும் இந்த நாட்களுக்குள் முடிய வேண்டும். அதனால் ஆட்களை முன்பே பேசிவையுங்கள். வில்லங்கம் பார்க்கும் டைட்டில் கம்பெனியிடம், முடிக்கப்படாத பெர்மிட்டுகளையும் நகராட்சி நிலுவைகளையும் தேடச் சொல்லித் தனியே கேளுங்கள். வழக்கமான டைட்டில் தேடலில் அவை வராது. 2022 உச்சத்துக்குப் பிறகு ஊரில் விலை இறங்கியிருக்கிறது, அதனால் அவசரப்பட வேண்டிய தேவை இல்லை.

படி 10: சாவி கையில் வந்த பிறகு

1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் 10 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேற்பட்ட படகை ஓட்ட, படகுப் பாதுகாப்புக் கல்வி அட்டை வைத்திருக்க வேண்டும். முன்னால் பிறந்திருந்தாலும் அந்த வகுப்பை முடித்துவிடுங்கள், உங்கள் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரும் முடிக்கட்டும். படகை 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். 26 அடிக்குக் குறைந்த படகு நகரும்போது 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் உயிர்காப்பு ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் போடுங்கள்.

முதல் சில பயணங்கள் ஆற்றுக்குள்ளேயே இருக்கட்டும். ஆற்றின் வாய்க்கருகே மிசரபிள் மைல் என்று பெயர் வாங்கிய ஒரு குறுகிய வழி இருக்கிறது. ஓத நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும், அடையாளக் கம்பங்களுக்கு வெளியே போனால் மணல்திட்டு. அனுபவமுள்ள ஒருவரோடு அதை இரண்டு முறை தாண்டுங்கள். அப்புறம் சனிபெல் தீவு, படகில் மட்டுமே போகக்கூடிய கேயோ கோஸ்டா கடற்கரை எல்லாம் உங்களுக்குத் திறந்துவிடும். குளிர்காலத்தில் கடற்பசுக்கள் வெந்நீர் தேடி ஆற்றுக்குள் வரும். வேகக் கட்டுப்பாட்டுப் பலகைகளை மதித்து ஓட்டுங்கள். கால்வாயில் துள்ளுகிற மடவை இங்கேயும் நம் ஊர்போலவே கூட்டமாக வரும்.

மே மாதத்துக்குள் புயல் திட்டத்தை எழுதிவையுங்கள். படகை டிரெய்லரில் உள்நாட்டுக்கு எடுத்துப்போவதா, மரினா எனப்படும் படகுத்துறையின் கட்டடத்தில் வைப்பதா என்று முன்பே பேசி முடியுங்கள். லிஃப்டில் விட்ட படகுகளை இயனின் நீர் மிதக்கத் தூக்கிப் பக்கத்துக் கொல்லைகளில் போட்டது. வீட்டின் ஒவ்வொரு அறையையும், சீவாலையும், டாக்கையும், எஞ்சின் எண்ணையும் போனில் படம் பிடித்து இணையத்தில் சேமியுங்கள். வெளியேறச் சொல்லும் அறிவிப்பில் உங்கள் வீடு எந்த எழுத்து மண்டலம் என்று தெரிந்து, அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். அந்த எழுத்தை அறிவித்த அன்றே காரில் ஏறிவிடுங்கள், படகைக் கட்டி முடிக்கவில்லை என்றாலும்.